தீக்குளித்த லாடக் காந்தம்

வீரம்மாவைத் தேயிலை மலையிலிருந்து ஸ்டோருக்குள் கொண்டுவந்து சேர்த்தது படிப்புமல்ல, சிபாரிசுமல்ல. ஒரு வழுக்குப் பாறை. டயகமைக்குப் போகும் பாதையில் இருந்த அந்தத் தோட்டத்தில், நிறைகூடையோடு மலை இறங்கும்போது கால் சறுக்கி விழுந்தாள். எண்ணெய் போட்டு நீவினார்கள், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது; முழங்கால் மட்டும் இனி மடங்கமாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டது. மடங்காத காலோடு மலையேறிக் கொழுந்து பறிக்க முடியுமா? வேலைக்குப் போகாதவளுக்கு லயத்தில் குடியிருக்கும் அறையான காம்பிரா கிடையாது. புருஷன் மாயாண்டி அதற்கு முன்பே விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் பூரணி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் அரிவரி எழுதிக்கொண்டிருந்தாள்.

ஸ்டோர் என்று தோட்டத்து ஆட்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. அதற்கு ராஜா, டீமேக்கர் பொன்னையா. யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனால் யார் வயிற்றிலும் வேண்டுமென்று அடித்தவர் என்று ஒரு பேச்சு இல்லை. வீரம்மா நொண்டிக்கொண்டு போய் முன்னால் நின்றதும், சலிக்கும் அறையில் ஓர் இடம் கொடுத்தார். காய்ந்த தேயிலையிலிருந்து குச்சியும் நாரும் பொறுக்கும் வேலை, உட்கார்ந்தே செய்யலாம். கூடவே இன்னொரு பொறுப்பையும் அவள் தலையில் கட்டினார்.

சல்லடையிலிருந்து தேயிலை பெட்டகத்துக்குள் விழும் வாயில், குதிரை லாடம் போல் வளைந்த ஒரு கனத்த காந்தம் தொங்கியது. கொழும்பிலிருந்து வந்தது. சல்லடைக் கம்பி அறுந்த துண்டு, ஆணிச் சிதறு, மெஷின் தேய்ந்த இரும்புத் தூள் எது தேயிலையில் கலந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளும்.

"இதைத் துடைச்சு வைக்கிறது உன்ர வேலை. ஒரு கம்பித் துண்டு இதைத் தாண்டிப் பெட்டிக்குள்ள போனதெண்டு கேள்விப்பட்டன் எண்டால், நீ திரும்ப மலைக்குத்தான்" என்றார் பொன்னையா.

மலைக்கு என்றால் அவளுக்கு என்ன பொருள் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். காம்பிராவைக் காலிசெய்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்குவது என்று பொருள்.

பயத்தோடு தொடங்கிய வேலை, போகப் போக வேறொன்றாகிவிட்டது. தினமும் மாலையில் காந்தத்தின் இரண்டு காலிலும் இரும்புத் தூள் தாடி முளைத்தது போல் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். துணியால் வழித்தால் விரலோடு மல்லுக்கு நிற்கும். ஆணித் துண்டைப் பக்கத்தில் கொண்டுபோனால், தொடுவதற்கு முன்பே அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். அந்தப் பிடுங்கலை வீரம்மாவால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே முடியவில்லை. நூல் இல்லை, கயிறு இல்லை, காற்றுக்கூட இல்லை. பிறகு எது இழுக்கிறது? மற்றப் பெண்கள் ஒரு நாள் பார்த்தார்கள், வாயைப் பிளந்தார்கள், மறுநாள் மறந்துவிட்டார்கள். இவளுக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் முதல் நாளாகவே இருந்தது. வழித்த தூளைக் குப்பையில் கொட்ட மனம் வராமல் ஒரு பழைய பால்பேணித் தகர டப்பாவில் சேர்த்து வைத்தாள்.

இன்னொரு அதிசயமும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வேலை முடிந்து தலை வாரினால், அக்கரப்பத்தனைக் கடையில் வாங்கிய கறுத்த சீப்பு தேயிலை நாரைத் துள்ளித் துள்ளி இழுக்கும். இரும்புத் தூளைக்கூடக் கொஞ்சம் இழுத்தது. அடுப்புச் சூட்டில் காய்ந்து கிடக்கும் சலிக்கும் அறையில்தான் இந்த விளையாட்டு. மழையில் ஊறிக் கிடக்கும் காம்பிராவில் அதே சீப்பு செத்த கட்டை. சீப்பில் இருப்பதும் காந்தத்தில் இருப்பதும் ஒரே சக்திதான், ஒன்று சின்ன சாமி, மற்றது பெரிய சாமி என்று அவள் தனக்குள் தீர்த்துவைத்திருந்தாள்.

1960-இல் ஆயுத பூஜை வந்தது. அன்று ஸ்டோரில் மெஷின் ஓடாது. இஞ்சினிலிருந்து சுத்தியல் வரைக்கும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். வாழைக்கன்று கட்டி, பொரி கடலை படைத்து, கற்பூரம் காட்டுவார்கள். பெரிய சாமியைச் சும்மா துடைத்துவைத்தால் போதுமா? தேயிலைப் பிசின் அதில் கறுப்பாக அப்பிப் பாறையாகிக் கிடந்தது. புளி போட்டாள், சாம்பல் போட்டாள், அசையவில்லை. அப்போது அவளுக்கு ரொட்டிக்கல் நினைவு வந்தது. ரொட்டிக்கல்லில் கறை ஏறினால் லயத்துப் பெண்கள் என்ன செய்வார்கள்? தணலில் போட்டுப் பழுக்கவைத்து எடுத்தால் கறை பொரிந்து உதிர்ந்துவிடும். வீரம்மாவும் தேயிலை காயவைக்கும் அடுப்பில் அணையாமல் கிடந்த தணலுக்குள் காந்தத்தைத் தள்ளினாள். செக்கச் சிவந்ததும் குறட்டால் எடுத்துத் தண்ணீர் வாளியில் அமுக்கினாள். சுர்ரென்று ஆவி கிளம்பியது. நல்லெண்ணெய் தடவி, இரண்டு காலிலும் பொட்டு வைத்துப் பார்த்தபோது காந்தம் புது மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பொன்னையா விடுமுறையில் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். விஜயதசமியன்று மெஷின்கள் ஓடின. மாலையில் துடைக்கப் போனவள் திகைத்து நின்றாள். காந்தத்தில் தாடி இல்லை, ஒரு மீசை மயிர்கூட இல்லை. ஊசியை எடுத்து ஒட்டினாள், கீழே விழுந்தது. மறுபடி ஒட்டினாள், மறுபடி விழுந்தது. அன்று முழுக்கச் சலித்த தேயிலை காவல் இல்லாமல் பெட்டகத்துக்குள் போயிருக்கிறது. திங்கட்கிழமை அதைப் பெட்டியில் அடைப்பார்கள்.

தேய்த்தால் சீப்புக்குச் சக்தி வருகிறதே, காந்தத்துக்கு மட்டும் வராதா? மலைக்குப் போகும்போது போர்த்திய பழைய கம்பளியை எடுத்துவந்து, காந்தத்தை மடியில் கிடத்தித் தேய் தேய் என்று தேய்த்தாள். அழுதுகொண்டே தேய்த்தாள். கம்பளியில் ஓட்டை விழுந்ததே தவிர, காந்தம் கண் திறக்கவில்லை.

இஞ்சின் டிரைவர் அந்தோனிமுத்து அந்தப் பக்கம் வந்தவர், காரியத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்தார்.

"ஏம்மா வீரம்மா, ஊரு உலகத்துல சாமிக்குப் பாலு ஊத்துவாங்க, பன்னீரு ஊத்துவாங்க. நீ நெருப்புல குளிப்பாட்டிட்டியா?"

"கேலி பண்ணாதீங்கண்ணே. ஐயா வந்தா நானும் எம் புள்ளயும் ரோட்டுல நிக்கணும். அதவிட, அந்தத் தேயிலைக்குள்ள கம்பி கெடந்து யாரு தொண்டையிலயாச்சும் குத்துனா அந்தப் பாவத்த நான் எங்க கொண்டுபோயித் தொலைக்கிறது?"

அந்தோனிமுத்து சிரிப்பை நிறுத்தினார். இரும்பு மெஷினை ஓட்டத்தான் அவருக்குத் தெரியும், இரும்பைக் காந்தமாக்கத் தெரியாது. ஆனால் அவருடைய தங்கை இசபெல் தோட்டத்துப் பள்ளியில் டீச்சர், பௌதிகப் பரீட்சைக்கு வேறு படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் சனிக்கிழமை, பத்து மணி வெயிலில், கையில் புத்தகத்தோடு அவள் ஸ்டோருக்கு வந்தாள். சுடச்சுடத் திட்டு வாங்கப்போகிறோம் என்று வீரம்மா குனிந்து நின்றாள். இசபெல்லோ காந்தத்தைக் கையில் வாங்கி, அது ஊசியைத் தூக்காததைப் பார்த்ததும் சந்தோஷத்தில் கத்தினாள்.

"அக்கா, நெசமாவே போயிடுச்சே! செவக்கச் சூடு பண்ணுனா காந்தம் போயிடும்னு புத்தகத்துல இருக்கு. நான் அத மனப்பாடம்தான் பண்ணி வச்சிருந்தேன். இப்பத்தான் கண்ணால பாக்குறேன்!"

வீரம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "டீச்சரம்மா, போனது திரும்பி வருமாங்க?"

"வரும்னு போட்டிருக்கு. ஆனா கம்பளியில தேய்ச்சா வராது. சீப்புல வர்றது வேற, இது வேற."

வீரம்மா விடவில்லை. சீப்பைத் தலையில் தேய்த்து நாரின் மேல் காட்டினாள். நார்கள் எழுந்து நின்றன. "இதுவும் தொடாமத்தானே இழுக்குது? எப்படி வேறங்கிறீங்க?"

"சீப்புல இருக்கறது மின்சாரம். ஆனா கம்பியில ஓடுற மாதிரி ஓடாது, தேய்ச்ச எடத்துலயே தங்கி நிக்கும். கையி பட்டா, ஈரம் பட்டா எறங்கிடும். அதான் ஒங்க காம்பிராவுல வேல செய்யல. காந்தம் அப்படியில்ல, அது இரும்போட ஒடம்பு முழுக்க இருக்கு. உள்ள கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் காந்தங்க, காலையில பெரட்டுக்கு ஆளுங்க வரிசையா நிக்கிற மாதிரி, ஒரே பக்கம் பாத்து நிக்குதுங்க. நீங்க தீயில போட்டதும் பெரட்டு கலைஞ்சுபோச்சு. மின்சாரத்த ஓடவிட்டுத்தான் மறுபடி வரிசையில நிறுத்தணும்."

சீப்பைச் சுற்றி நார்கள் நின்ற இடத்தைக் காட்டி, இசபெல் இன்னொன்றும் சொன்னாள். "ஆனா ரெண்டுக்கும் ஒரு ஒத்துமை இருக்கு. இந்தச் சீப்பு முடியிற எடத்தோட அதோட சக்தி முடியல. சுத்தியிருக்கிற வெறும் எடத்துலயும் இருக்கு. அந்த எடத்தத்தான் புலம்னு சொல்றாங்க. இதுக்கு மின்புலம், அதுக்குக் காந்தப்புலம்."

வெறும் இடத்திலா? வீரம்மா சீப்புக்கும் நாருக்கும் நடுவே தன் விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் அவள் கை ரோமங்கள் எழுந்து நின்றன. சீப்பினாலா, பயத்தினாலா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அந்தோனிமுத்து லொறியிலிருந்து பேட்டரியைக் கழற்றிவந்தார். கெட்டுப்போன மோட்டரிலிருந்து உருவிய, நூல் சுற்றிய செம்புக் கம்பியைக் காந்தத்தின் இரண்டு கால்களிலும் நெருக்கமாகச் சுற்றினார். கம்பி முனையைப் பேட்டரியில் தொட்டதும் பளிச்சென்று தீப்பொறி பறந்தது. நாலைந்து தடவை தொட்டு எடுத்தார். வீரம்மா ஊசியைக் கொண்டுபோனாள். ஊசி ஒட்டியது, ஆனால் ஏனோதானோ என்று.

"பழைய மூர்க்கம் இல்லீங்களே" என்றாள் வீரம்மா.

இசபெல் ஒரு வெள்ளைத் தாளைக் காந்தத்தின் மேல் படுக்கவைத்தாள். "இரும்புத் தூளு கெடைக்குமா?"

வீரம்மா பால்பேணியை நீட்டினாள். இத்தனை காலம் குப்பையில் கொட்ட மனமில்லாமல் சேர்த்த தூள். இசபெல் அதைத் தூவித் தாளை விரலால் தட்டினாள். தூள்கள் கொஞ்சம் துள்ளின, திரும்பின, ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டன. யாரும் வரையாத கோடுகள் தாளில் எழும்பி வந்தன.

ஆனால் அந்தக் கோடுகள் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்குப் போகவில்லை. நடுவில் சண்டை பிடித்துக்கொண்டு ஒன்றையொன்று விலக்கி வெளியே ஓடின. இரண்டு கூட்டமும் கடைசியில் வளைவுப் பக்கம்தான் போய்ச் சேர்ந்தன.

"வளைவுல தூளு புடிக்கவே புடிக்காதுங்களே" என்றாள் வீரம்மா. "நான் தெனமும் தொடைக்கிறவ. ரெண்டு காலுலதான் தாடி இருக்கும், முதுகு மொட்டையாத்தான் இருக்கும்."

இசபெல் புத்தகத்தைப் புரட்டினாள். "அப்ப ரெண்டு காலும் ஒரே துருவமாயிடுச்சு. ஒண்ணு வடக்குன்னா மத்தது தெக்கா வந்திருக்கணும். சுத்துனதுல எங்கயோ பிழை."

அந்தோனிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னா பிழை? ரெண்டு காலுலயும் ஒரே பக்கமாத்தானே சுத்துனேன்! நீயே முன்னுக்கு நின்னு பாரு, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கா இல்லையா?"

புத்தகத்தில் நேரான இரும்புத் துண்டில் கம்பி சுற்றிய படம்தான் இருந்தது. இசபெல் தாளில் கோடு போட்டு அழித்து, கோடு போட்டு அழித்து, தலையைப் பிய்த்துக்கொண்டாள். வீரம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பீலியிலிருந்து தண்ணீர் எடுத்த ஒருத்தி, குடத்தை இடுப்பில் வைத்து முடக்கு ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். கீழ்த் துண்டு ரோட்டில் குடம் ஸ்டோருக்குத் தெரிந்தது. முடக்கில் வளைந்து எதிர்ப் பக்கமாக மேலே நடந்தபோது குடம் அவள் உடம்புக்குப் பின்னால் மறைந்துபோனது.

"டீச்சரம்மா, அங்க பாருங்க. அவ குடத்த இடுப்பு மாத்தல. ஆனா முடக்கு தாண்டுனதும் நமக்குப் பக்கம் மாறிப்போச்சு. நாம முன்னுக்கு நின்னுக்கிட்டு ரெண்டு காலும் ஒரே மாதிரி தெரியணும்னு சுத்துனா, குடத்த நடுவுல இடுப்பு மாத்துன கணக்காயிடாதா?"

இசபெல் அவளையே பார்த்தாள். பிறகு சட்டென்று காந்தத்தை எடுத்தாள். "ஆமாக்கா! வளைவே இல்ல, நேரான இரும்புன்னு நெனச்சுக்கணும். இந்த முனையில ஏறி அந்த முனை வரைக்கும் நடந்துபோற மாதிரி, கை மாத்தாம சுத்திக்கிட்டே போகணும். அண்ணே, அவுருங்க எல்லாத்தையும்!"

அந்தோனிமுத்து முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தார். இந்தத் தடவை மூவரும் சேர்ந்து சுற்றினார்கள். பேட்டரி பளிச்சிட்டது. புதுத் தாள் போட்டார்கள், தூள் தூவினார்கள், தட்டினார்கள்.

ஒரு காலிலிருந்து கிளம்பிய கோடுகள் வில்லாக வளைந்து மற்றக் காலில் போய் இறங்கின. அதற்கு மேல் இன்னொரு வில், அதற்கும் மேல் இன்னொன்று. வெளியே போகப் போக விரிந்து, தாளின் விளிம்பு வரைக்கும். காலடியில் நெருக்கம், தூரத்தில் ஐதாக. தாளை எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி தூவினாலும் அதே கோலம்தான் வந்தது. ஆக, இது தூள் போட்ட கோலம் அல்ல. தூள் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது. தான் தினமும் கையை விட்டுத் துடைத்தபோதும் தன் விரல்களுக்கு ஊடாக இது போய்க்கொண்டிருந்திருக்கிறது. வீரம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இத்தனை நாள் சாமி இரும்புக்குள் இருக்கிறது என்றல்லவா நினைத்திருந்தாள்!

"பரீட்சையில இதப் படம் போடச் சொல்லுவாங்க. நானும் நிறையப் போட்டிருக்கேன். ஆனா இது நெசமா இருக்கும்னு நான் நெனைக்கவே இல்லக்கா" என்றாள் இசபெல்.

காந்தம் பிழைத்துவிட்டது. ஆனால் காந்தம் பிழைத்ததால் பெட்டகத்துக்குள் போன தேயிலை சுத்தமாகிவிடுமா? பேசாமல் மாட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தோனிமுத்துகூட அதைத்தான் சொன்னார். வீரம்மா கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்டோருக்கு வந்து, பெட்டகத்தைத் திறந்து, தேயிலையைச் சுளகு சுளகாக அள்ளிப் பரப்பி, அதன் மேல் காந்தத்தை மெல்ல நடத்தினாள். மடங்காத காலை நீட்டிப்போட்டுக்கொண்டு மத்தியானம் தாண்டியும் அதே வேலை. இரும்புத் தூள் கொஞ்சம் ஏறியது. வேறொன்றும் இல்லை. வீண் வேலையோ என்று தோன்றத் தொடங்கியபோது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பொன்னையா ஒரு நாள் முந்தியே வந்துவிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமையில இஞ்ச என்ன செய்யிறாய்? ஆர் உன்னைப் பெட்டகத்தைத் திறக்கச் சொன்னது?"

வீரம்மா எழுந்திருக்கப் பார்த்தாள், கால் வரவில்லை. உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அடுப்பு, தண்ணீர் வாளி, கம்பளி, பேட்டரி எதையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்லப் பொன்னையாவின் முகம் இறுகிக்கொண்டே போனது. அடுப்பில் போட்ட இடத்தில் அவர் நெற்றி நரம்பு புடைத்ததைப் பார்த்தாள். பூரணியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. கை மட்டும் பழக்கத்தில் சுளகின் மேல் போய்க்கொண்டிருந்தது.

சுளகின் நடுவில் தேயிலை அசைந்தது.

இருவரும் குனிந்தார்கள். காந்தம் இன்னும் ஒரு விரற்கடை உயரத்தில் இருந்தது. தேயிலைத் தூளை விலக்கிக்கொண்டு, கண் இமை மயிர் நீளத்தில் ஒரு சல்லடைக் கம்பித் துண்டு தலையைத் தூக்கியது. ஒரு நொடி செங்குத்தாக எழுந்து நின்று நடுங்கியது. பிறகு அந்த வெறும் இடத்தைத் தாவிக் கடந்து, டிக் என்று காந்தத்தில் போய் ஒட்டியது.

பொன்னையா கம்பியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முனை ஊசி மாதிரி இருந்தது.

"இன்னும் எவ்வளவு கிடக்கு?" என்று கேட்டார்.

"பாதிக்கு மேல இருக்குங்கய்யா."

"பாத்து முடி. பிறகு காந்தத்தை அதன்ர இடத்தில மாட்டு." வாசல் வரை போனவர் திரும்பினார். "நாளைக்கும் நீதான் துடைக்கிறது. வேற ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

அவர் தலை மறைந்த பிறகுதான் வீரம்மா அழுதாள்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜையன்று சலிக்கும் அறையில் வழக்கத்தைவிடக் கூட்டம். இசபெல் பரீட்சையில் தேறிவிட்டிருந்தாள். பொரி கடலையோடு அவளும் வந்திருந்தாள். வீரம்மா காந்தத்தை ஈரத்துணியால் துடைத்துக் கிடத்தி, மேலே வெள்ளைத் தாள் போட்டு, பால்பேணித் தூளைத் தூவித் தட்டினாள். கோடுகள் எழும்பி வந்தன. குச்சி பொறுக்கும் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பொன்னையா தாளுக்கு மேல் குனிந்தார். எத்தனையோ வருஷமாகக் காந்தத்தை மாட்டிவைத்திருந்த மனிதர், அதைச் சுற்றி இருப்பதை அன்றுதான் பார்த்தார்.

பூசாரி பழனியாண்டி கற்பூரத் தட்டைக் கொளுத்தி, எல்லா மெஷினுக்கும் காட்டிக்கொண்டு வந்தார். காந்தத்துக்கு முன்னால் வந்து தட்டை இறக்கிச் சுற்றப் போனதுதான் தாமதம், வீரம்மா நொண்டிக் காலோடு பாய்ந்து குறுக்கே விழுந்தாள். இரண்டு கையாலும் காந்தத்தை மூடிக்கொண்டு கத்தினாள்:

"பூசாரியய்யா, தீயோட அங்கனயே நில்லுங்க! இந்தச் சாமிக்கு எட்டத்துல இருந்து காட்டுனாப் போதும். அது எட்டத்துலயும் இருக்கு!"